விக்டரி கிளப்பின் ஜெனரல் மானேஜர்

எங்கள் விக்டரி கிளப் அந்த வருஷ லீக்கில் ஆடிய முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை; ஏழு ஆட்டத்துக்கும் ரெபரி கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. ஏன் தோற்றது என்பதில்தான் அபிப்பிராய பேதம். ஆடினவர்கள், பந்து சரியில்லை என்றார்கள். ஆடாதவர்கள், நிர்வாகம் சரியில்லை என்றார்கள். கிளப்பில் ஆடாதவர்களே அதிகம் என்பதால் இரண்டாவது அபிப்பிராயம் ஜெயித்தது.

நான் ஆடாதவர்களில் ஒருவன். கிளப்பின் கௌரவ நூலகர். கச்சேரி ரோட்டு மாடியில் கிளப்புக்கு இருந்த இரண்டு அறைகளில் ஒன்றில் ஓர் அலமாரி; அதில் பத்தொன்பது புத்தகங்கள்; அவற்றைக் காப்பது என் பொறுப்பு. பகலில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அங்கே போய் ஓசியில் பேப்பர் படிப்பேன். நடந்த அசட்டுத்தனங்களில் எனக்கும் பங்கு உண்டு. வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிளப்பை ஆரம்பித்தவர் நூர் முஹம்மது. லஸ் மூலையில் தையல்கடை வைத்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மந்தைவெளி மைதானத்தில் சாயங்கால வேளையில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேரை ஒன்று சேர்த்துக் கோஷ்டி கட்டியவர் அவர். லீக்கில் சேர வேண்டுமானால் அக்கிராசனர், காரியதரிசி, நிர்வாக சபை எல்லாம் உள்ள பதிவான கிளப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். வக்கீல் ராவ் பகதூர் திருவேங்கடாச்சாரியாருக்குக் கறுப்புக் கோட்டுத் தைத்துக் கொடுப்பவர் நூர் முஹம்மதுதான். அவரிடமே போய், அக்கிராசனராக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். ராவ் பகதூர் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார். கூடவே தம் சிநேகிதர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். அன்று முதல் நூர் முஹம்மது தாம் ஆரம்பித்த கிளப்புக்குள் நுழைய வாசலில் நின்று உத்தரவு கேட்க வேண்டியிருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம் அது. ரப்பருக்குப் பஞ்சம். ஏழாவது தோல்விக்கு மறுநாள் நிர்வாக சபை கூடியபோது, காப்டன் நூர் முஹம்மது உத்தரவு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பந்தை மேஜைமேல் வைத்தார். பந்து உருளவில்லை. சாணி உருண்டை மாதிரி வைத்த இடத்தில் உட்கார்ந்தது.

"நீங்களே பாருங்க சார். பிளாடர்ல பதினாலு ஒட்டு. ஒரு கோல்லேர்ந்து இன்னொரு கோலுக்குப் போறதுக்குள்ள பாதிக் காத்து பூடுது. புதுசா ஒரு பந்து வாங்கிக் குட்த்தீங்கன்னா புள்ளைங்க பிராக்டீஸ் பண்ணுவானுங்க. இன்னும் அஞ்சு ஆட்டம் கீது. கடசி எடத்துக்கு வந்தா லீக்லேர்ந்தே தூக்கிடுவாங்க சார். அப்புறம் டீமே இருக்காது."

அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவர் கேட்டது ஒரு பந்து. கோஷ்டி லீக்கில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

ராவ் பகதூர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோர்ட்டில் அவர் அதைக் கழற்றினால் எதிர்க்கட்சி வக்கீல் உட்கார்ந்துவிடுவார் என்று சொல்வார்கள்.

"பந்தும் ஒரு அம்சம்தான், நூர் முஹம்மது. நான் இல்லேங்கலை. ஆனா வெறும் பந்தை வெச்சிண்டு எந்த ஸ்தாபனமும் முன்னுக்கு வந்ததில்லை. எங்காத்துல சமையல்காரன் இருக்கான், தோட்டக்காரன் இருக்கான், கார் ஓட்டறவன் இருக்கான். இத்தனை பேரும் ஒழுங்கா இருக்கான்னா, மேலே ஒரு காரியஸ்தன் இருக்கான். அவன் ஒரு வேலையும் செய்யறதில்லை. அதனாலதான் எல்லா வேலையும் நடக்கறது. நம்ம கோஷ்டிக்கு வேண்டியது ஒரு ஜெனரல் மானேஜர்."

காரியதரிசி சுயம்புலிங்கம் உடனே ஆமோதித்தார். தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை அவருடையது.

"நம்ம கடையில முப்பது பய துணி கிழிக்கான். கிழிக்கதை நின்னு பாக்கதுக்கு ஒரு ஆளு இல்லைன்னா யாவாரம் என்னத்துக்கு ஆவும்? பந்து உதைக்கதும் அப்படித்தாம்லா."

நூர் முஹம்மதுவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "ஜெனரல் மானேஜர் எங்க நிப்பாரு சார்? பேக்லயா, பார்வேர்டுலயா?"

"எல்லாருக்கும் மேலே நிப்பார்," என்றார் ராவ் பகதூர்.

கஷ்டப்படுகிற கால்பந்துக் கோஷ்டிக்கு ஜெனரல் மானேஜர் தேவையா என்ற விஷயம் மூன்று கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது. ஜெனரல் மானேஜர் என்ன வேலை செய்வார் என்று பொக்கிஷதார் ஒரு தடவை கேட்டார். அதை ஜெனரல் மானேஜர் வந்து அல்லவா தீர்மானிக்க வேண்டும் என்று அக்கிராசனர் விளக்கியதும், பொக்கிஷதார் தம் அவசரத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். நூர் முஹம்மதுவுக்கு ஓட்டு இல்லை. ஆட்டக்காரர்கள் சபையில் அங்கத்தினர்கள் அல்ல.

நியமிக்கப்பட்டவர் ஸ்ரீமான் பஞ்சாபகேசன். ரயில்வே கூட்ஸ் இலாகாவில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ராவ் பகதூரின் சம்பந்தி என்பது, நியமனம் ஆன பிறகே நிர்வாக சபையின் கவனத்துக்கு வந்ததாக நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. குறிப்பில் அப்படி எழுதும்படி சொன்னவர் ராவ் பகதூர்.

வரவேற்பு உபசாரம் தடபுடலாக நடந்தது. மாலை, பன்னீர், கேசரி, பஜ்ஜி, குரூப் போட்டோ. நிர்வாக சபையார் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடு நாற்காலியில் ஜெனரல் மானேஜர், மடியில் பந்து. ஆட்டக்காரர்களைப் பின்னால் பெஞ்சுமேல் நிறுத்தினார்கள். பெஞ்சு குட்டை, நாற்காலிகளில் இருந்தவர்களின் தலைப்பாகைகள் உயரம். அந்தப் படத்தில் ஆட்டக்காரர்கள் தரப்பில் தெரிவது கோல்கீப்பர் கபாலியின் நெற்றி மட்டும்.

பிறகு ஜெனரல் மானேஜர் பதில் சொல்லிப் பேசினார்.

"நான் இதுவரைக்கும் புட்பால் பார்த்ததில்லை. அதனாலே எனக்கு எந்தத் தப்பபிப்பிராயமும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் கூட்ஸிலே இருந்தேன். ஒரு மூட்டையை நான் தொட்டதில்லை. ஆனா லட்சோப லட்சம் மூட்டை என் கையெழுத்திலே நகர்ந்திருக்கு. புட்பாலும் அதேதான். ஒரு சாமானை இந்த இடத்திலேர்ந்து அந்த இடத்துக்கு அனுப்பணும். நடுவிலே காணாமப் போறது. யார் கையிலே இருக்கறச்சே காணாமப் போச்சுன்னு எழுத்து மூலமா ருசு இல்லை. இனிமே இருக்கும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நூர் முஹம்மதுவும் தட்டினார். ஆனால் தட்டும்போதே என் காதருகே, "பந்து எப்ப சார் வரும்?" என்று கேட்டார்.

பந்து வரவில்லை. பந்துக்காக ஒதுக்கியிருந்த தொகையில் ஜெனரல் மானேஜருக்கு மேஜையும் பீரோவும் வந்தன. பழைய பந்து கிளப்பின் சொத்து என்பதால் பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டது. அதை வெளியே எடுக்க மூன்று பிரதிகளில் மனு எழுதி, காரியதரிசியின் சிபாரிசோடு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும். மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும். கோஷ்டியில் இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவனும் இந்தச் சட்டம் வந்த வாரம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். நூர் முஹம்மது தம் கடையில் மிச்சமான வெட்டுத் துணிகளைச் சுருட்டி, இழுத்துத் தைத்து ஒரு துணிப்பந்து செய்தார். பிள்ளைகள் அதை உதைத்துப் பழகினார்கள். அது தெரிய வந்ததும், அனுமதியில்லாத உபகரணத்தைப் பயன்படுத்தியதற்காகக் காப்டனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

கடிதங்கள் நிறைய வந்தன. அவற்றைப் படித்துச் சொல்லச் சொல்லி நூர் முஹம்மது என் நூலகத்துக்கு எடுத்து வருவார். ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இறங்கும்போது வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும். இடைவேளைக்குப் பிறகு மறுபடி போட வேண்டும். காயம் பட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எதிரிகள் போடும் ஒவ்வொரு கோலுக்கும் கோல்கீப்பர் மூன்று நாளைக்குள் எழுத்து மூலம் சமாதானம் சொல்ல வேண்டும்.

எட்டாவது ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். கபாலிக்கு எழுதத் தெரியாது. சலவைத்துறையில் வேலை செய்கிறவன், வயது இருபத்திரண்டு, பாய்ந்தால் பந்தைவிட வேகமாகப் பாய்வான். தேனாம்பேட்டை போஸ்டாபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் கிழவரிடம் போனான். அவருக்குத் தெரிந்தது ஒரே நடைதான். ஐந்து சமாதானங்களும் அதே நடையில் வந்தன:

"மகாராஜராஜஸ்ரீ ஜெனரல் மானேஜர் அவர்கள் திவ்விய சமூகத்துக்கு, ஏழை கபாலி அநேக தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். ஐயா, நான் பெரிய குடும்பி. கேள்வி முறையில்லாமல் பந்து வலது பக்கமாக வந்துவிட்டது. அச்சமயம் அடியேன் இடது பக்கம் இருந்தேன். சமூகத்தார் பெற்ற தாய் தகப்பனாக இருந்து இந்த ஒரு கோலை மன்னித்து ரட்சிக்க வேண்டியது."

ஜெனரல் மானேஜர் இரண்டு நாள் பரிசீலித்தார். ஐந்தில் இரண்டு கோல்கள் மன்னிக்கப்பட்டன. மூன்றுக்குக் கண்டனம்.

இதை நான் படித்துச் சொன்னதும் கபாலியின் முகம் மலர்ந்தது. "அப்ப மூணு கோலுதான் வாங்கினோம்னு லீக்ல சொல்ட்லாமா பாய்?"

"சும்மா கெடடா," என்றார் நூர் முஹம்மது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாவதும் பத்தாவதும் அப்படியே போயின. பதினோராவது ஆட்டத்தில் ஜெயித்தோம். ஜெனரல் மானேஜர் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். போகிற அவசரத்தில் பீரோ சாவியை மேஜைமேல் மறந்துவிட்டார். பத்து நாள் பிள்ளைகள் உண்மையான பந்தை உதைத்தார்கள். நூர் முஹம்மது பிளாடரில் பதினைந்தாவது ஒட்டுப் போட்டார். யாருக்கும் கடிதம் வரவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்து, கபாலியைத் தோளில் தூக்கிக்கொண்டு மந்தைவெளியைச் சுற்றி வந்தார்கள்.

நிர்வாக சபை அவசரமாகக் கூடி, இந்த வெற்றிக்காக ஜெனரல் மானேஜருக்கு வந்தனம் தெரிவித்தது. "அவர் இல்லாதபோதே அவர் நிர்வாகம் இவ்வளவு வேலை செய்யறதுன்னா, அவர் திரும்பி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்கோ," என்றார் ராவ் பகதூர். நானும் யோசித்துப் பார்த்தேன். யோசித்ததை வெளியே சொல்லவில்லை.

இப்போது ஒரே ஆட்டம் பாக்கி. மாம்பலம் யங்மென்ஸ் என்ற கோஷ்டியோடு. எங்களுக்கும் அவர்களுக்கும்தான் கடைசி இடத்துக்குப் போட்டி. சமமாக முடிந்தால்கூட எங்களுக்குப் போதும். தோற்றால் லீக்கை விட்டு வெளியே. நூர் முஹம்மது ராத்திரியும் பகலுமாக அதையே பேசிக்கொண்டிருந்தார். யார் எங்கே நிற்பது என்று சாக்கட்டியால் தையல் மேஜைமேல் வரைந்து வைத்திருந்தார். வாடிக்கைக்காரர்கள் அளவு கொடுக்க வந்தாலும் அதை அழிக்க விடவில்லை.

லீக் ஆபீஸிலிருந்து ஒரு பாரம் வந்தது. ஆட்டத்தில் கிளப்பின் சார்பில் கலந்துகொள்ளும் பதினோரு பேரின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். இதுவரை இந்தப் பாரத்தைக் காப்டன்தான் என்னிடம் எழுதி வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். கடிதப் போக்குவரத்து எல்லாம் இனி ஜெனரல் மானேஜர் வழியாகத்தான் என்று உத்தரவாகிவிட்டதால் இந்தத் தடவை அது அவர் மேஜைக்குப் போயிற்று.

ஸ்ரீமான் பஞ்சாபகேசன் முப்பத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஜாபிதாக்கள் எழுதியவர். எந்தப் பட்டியலும் பெரியவர்களில் ஆரம்பித்துச் சின்னவர்களில் முடிய வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். அந்தஸ்துப்படி எழுதிக்கொண்டே வந்தார். போஷகராகிய ஜமீன்தார், அக்கிராசனர், உப அக்கிராசனர்கள் இருவர், அதாவது எங்கள் தலைமையாசிரியரும் ஒரு டாக்டரும், காரியதரிசி, உதவிக் காரியதரிசி, பொக்கிஷதார், ஜெனரல் மானேஜர், கௌரவ நூலகர். பத்தாவது காப்டன். பதினோராவது கோல்கீப்பர். அதோடு பாரத்தில் கோடு தீர்ந்துவிட்டது. "மற்றவர்கள் பின்னால் வரும் துணை ஜாபிதாவில்" என்று அடியில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

துணை ஜாபிதாவை ஏற்பதற்கில்லை என்று லீக் ஆபீஸ் பதில் போட்டது. பட்டியலில் இல்லாதவர் மைதானத்தில் இறங்கக் கூடாது. பட்டியலில் உள்ளவர் விலக விரும்பினால், நாளை மத்தியானத்துக்குள் அவரே கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் வேறு பெயர் சேர்க்கலாம்.

அவசரக் கூட்டம். நூர் முஹம்மது வாசலில் நிற்கவில்லை. உத்தரவு கேட்காமலே உள்ளே வந்துவிட்டார்.

"சார், கையெடுத்துக் கும்புட்றேன். ஒம்போது பேர் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. புள்ளைங்க ரெடியா கீறானுங்க. ஒரு கையெழுத்து சார்."

ராவ் பகதூர் கண்ணாடியைக் கழற்றினார். "விலகறதிலே எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா அக்கிராசனரே முதல்லே விலகினா கிளப்புக்குத் தலை இல்லேன்னு ஆயிடும். மத்தவா விலகட்டும்."

"தலைவரு நிக்கையில காரியதரிசி ஓடிப் போனாம்னு ஊருல பேச்சு வந்திரும்லா," என்றார் சுயம்புலிங்கம்.

உப அக்கிராசனர்கள் இருவரும், மற்றவர் விலகினால் தாமும் விலகத் தயார் என்று ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னார்கள். ஜெனரல் மானேஜர் சொன்னார்: "நான் போட்ட லிஸ்டிலே என் பேரை நானே அடிச்சா, லிஸ்ட் தப்புன்னு ஆயிடும். லிஸ்ட் தப்பில்லை. பாரத்திலே கோடு பத்தலை. அவ்வளவுதான்."

நூர் முஹம்மது என்னைப் பார்த்தார். கடைசியில் இருந்த நான் ஒருவன் விலகினால் ஒரு பார்வேர்டாவது ஆடலாம். எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் பேப்பரில் அச்சாகப் போகிறது. என் பெயர் அதுவரை எதிலும் அச்சானதில்லை. "தலைமையாசிரியர் இருக்கும்போது நான் முந்திக்கொண்டு விலகுவது மரியாதையாக இருக்காது," என்றேன். எல்லாரும் அதை மெச்சினார்கள்.

ஜமீன்தார் கொடைக்கானலில் இருந்தார். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் மந்தைவெளி மைதானத்தில் நாங்கள் பத்துப் பேர் இறங்கினோம். ராவ் பகதூர் பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. சுயம்புலிங்கம் சில்க் ஜிப்பா. ஜெனரல் மானேஜர் கக்கத்தில் ஃபைல். நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றியிருந்தேன். ரெபரி ஒரு ஆங்கிலோ இந்தியர். தலைப்பாகையைப் பற்றிச் சட்டப் புத்தகத்தில் தேடினார், ஒன்றும் இல்லை. ராவ் பகதூரின் நாற்காலியை மட்டும் மைதானத்திலிருந்து எடுக்கச் சொன்னார். ஆட வேண்டிய பிள்ளைகள் ஒன்பது பேரும் கோட்டுக்கு வெளியே சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

விசில் ஊதியது. மாம்பலம் கோஷ்டியின் சென்டர் பார்வேர்டு ஜவஹர் பந்தை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தான். எங்கள் கோலுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது சுயம்புலிங்கம் ஒருவர்தான். ஜவஹர் தியாகராய நகர்க் கடையில் அவரிடம்தான் துணி கிழிக்கிறான்.

அவன் சட்டென்று நின்றான். காலைப் பந்திலிருந்து எடுத்தான். இரண்டு கையையும் கூப்பினான். "கும்பிடுதேன் மொதலாளி."

"கடையைப் பூட்டி சாவியை யாருட்டலே குடுத்த?" என்றார் சுயம்புலிங்கம்.

அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நூர் முஹம்மது வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை லீக் சரித்திரம் கண்டிருக்காது. மாம்பலத்து ஹாப்பேக்குகள் இருவர் எங்கள் தலைமையாசிரியரின் பழைய மாணவர்கள். அவர் பக்கம் பந்து போனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னும் நாலு பேர் ராவ் பகதூரின் வீடுகளில் குடியிருப்பவர்கள். அவரை இடித்துவிட்டு அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது? அவரைச் சுற்றிப் பிரதட்சிணமாக ஓடினார்கள். என்னிடம் ஒரு தடவை பந்து வந்தது. அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

இடைவேளைக்குள் நூர் முஹம்மதுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேர்வை சொட்டச் சொட்ட எங்களிடம் வந்தார்.

"சார், யாரும் ஓட வேணாம். பந்தத் தொடவே வேணாம். நம்ம கோலுக்கு முன்னால வரிசையா நின்னுகினு இருங்க. அது போதும் சார். நானும் கபாலியும் பாத்துக்கறோம்."

நிற்பது எங்களுக்குக் கைவந்த விஷயம். வரிசையாக நின்றோம். இருபத்தைந்து நிமிஷம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நூர் முஹம்மது ஒற்றை ஆளாக மைதானம் பூராவும் ஓடினார். வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். எனக்கே முதல் தடவையாக மார் அடித்துக்கொண்டது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம், மூன்று நிமிஷம், இரண்டு.

அப்போது யாரோ உதைத்த பந்து உருண்டு வந்து ராவ் பகதூரின் காலடியில் நின்றது. மாம்பலத்துக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

"தொடாதீங்க சார்!" என்று நடு மைதானத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார் நூர் முஹம்மது. "அப்டியே வுட்டுடுங்க! கிட்ட யாரும் வர மாட்டானுங்க!"

"பிரசிடெண்டுக்கு யாரும் உத்தரவு போடப்படாது!" என்றார் ஜெனரல் மானேஜர்.

ராவ் பகதூர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு கோல் தூரத்தில் இருந்தது. ஒரு கோல் கிட்டத்தில் இருந்தது. கச்சத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு, கிட்டத்தில் இருந்ததை நோக்கி உதைத்தார்.

பந்து மெதுவாகத்தான் போயிற்று. தவழ்கிற குழந்தைகூட அதைப் பிடித்திருக்கும். கபாலி குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

"டேய் கபாலி! பிரசிடெண்ட் அடிச்ச பந்துடா அது!"

ஜெனரல் மானேஜரின் குரல் அது. மூன்று மாதமாக அந்தக் குரலுக்குச் சமாதானம் எழுதிப் பழகிய கைகள் ஒரு கணம் தயங்கின. அந்த ஒரு கணத்தில் பந்து அவன் கால்களுக்கு இடையே புகுந்து, கோட்டைத் தாண்டி, அதற்குமேல் போகக் காற்றில்லாமல் நின்றது.

முதலில் கை தட்டியவர் சுயம்புலிங்கம். பிறகு தலைமையாசிரியர். பிறகு நிர்வாக சபை முழுவதும். விருந்தினர்களுக்காக வைத்திருந்த மாலையைக் கொண்டு வந்து ராவ் பகதூரின் கழுத்தில் போட்டார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் கண்டதில்லை. "எல்லாம் ஒரு டீம் வொர்க்தான்," என்றார்.

நூர் முஹம்மது கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கபாலி தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே விக்கி விக்கி அழுதான். எனக்குச் சொல்ல முடியாத அவமானமாக இருந்தது. ஆனாலும் மற்றவர்கள் கை தட்டுவதை நிறுத்தும் வரைக்கும் நானும் நிறுத்தவில்லை.

லீக்கிலிருந்து எங்களை நீக்கிய கடிதம் பத்து நாளில் வந்தது. நிர்வாக சபை இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றியது. அறுபத்து மூன்றாம் வயதில் கோல் போட்ட அக்கிராசனருக்குப் பாராட்டு. இரண்டாவது: பருவம் முழுவதும் ஏற்பட்ட தோல்விகள் அனைத்தும் கோஷ்டி ஆடிய ஆட்டங்களில் மட்டுமே ஏற்பட்டிருப்பதாக ஜெனரல் மானேஜரின் அறிக்கையிலிருந்து தெரிய வருவதால், கோஷ்டியைக் கலைத்துவிடுவது, ஜெனரல் மானேஜரின் பதவியை மேலும் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பது.

அடுத்த வருஷம் மகாசபை கூடியது. சட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும்படி ஜெனரல் மானேஜரின் ஆறாவது நினைவூட்டுக் கடிதம் போயிருந்ததால், நூர் முஹம்மது பதினோரு சட்டைகளையும் துவைத்து, மடித்து, மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுயம்புலிங்கம் வருஷாந்தர அறிக்கையை வாசித்தார்.

"ஜெனரல் மானேஜர் அவர்களின் திறமையான நிர்வாகத்தின் பயனாக, இந்த ஆண்டு நமது கிளப் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். ராவ் பகதூரின் கண்ணில் நூர் முஹம்மது பட்டார். "நம்ம மாஜி காப்டனும் வந்திருக்கார். ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே," என்றார்.

நூர் முஹம்மது எழுந்தார். மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"மானேஜர் சார் வர்றதுக்கு மின்னாலயும் தோத்துகினுதான் இருந்தோம் சார். ஆனா அது நாங்க தோத்தது. ரோட்ல போறவன், இன்னா பாய், இன்னிக்கும் ஊத்திக்கிச்சான்னு கேப்பான். ஆமா நைனா, அடுத்த வாரம் பாருன்னுவேன். இப்ப கேக்கறவனுக்கு நான் இன்னா சொல்றது? கெலிக்க உடலன்னா பரவால்ல சார். தோக்கறதுக்குக்கூட உடலியே நீங்க."

ஒருவர் இருமினார். சுயம்புலிங்கம்தான் நிலைமையைச் சமாளித்தார். இவ்வளவு அனுபவம் உள்ள மனிதரைக் கிளப் கைவிடக் கூடாது, அவருக்கென்று உதவி ஜெனரல் மானேஜர் என்று ஒரு பதவி ஏற்படுத்தலாம் என்றார். ராவ் பகதூர் மனம் இளகி ஆமோதித்தார்.

நூர் முஹம்மது புரியாமல் எல்லாரையும் பார்த்தார். "டீமே இல்லியே சார். உதவி மானேஜர் இன்னாத்தப் பாத்துக்கணும்?"

"ஜெனரல் மானேஜரைப் பார்த்துக்கணும்," என்றார் ராவ் பகதூர்.

நூர் முஹம்மது மூட்டையை ஜெனரல் மானேஜரின் மேஜைமேல் வைத்துவிட்டு, "கடையில வேல கீது சார்," என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.

வேலைப் பளுவின் காரணமாக அவர் பதவியை ஏற்க இயலவில்லை என்று குறிப்பில் பதிவாயிற்று. ஏற்படுத்திய பதவியைக் காலியாக வைத்திருக்கக் கூடாது என்பதால் பேப்பரில் விளம்பரம் செய்தார்கள். பதினெட்டு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.